கடைசி வரிசையில் இடது ஓரம்

டாக்ஸி ஓட்டுகிறவனை இன்னொருத்தர் டாக்ஸியில் உட்கார வைப்பது, சமையல்காரனைப் பந்தியில் உட்கார வைப்பது மாதிரி. வாய் மெல்லும், மனசு உப்புக் குறையைத் தேடும். பதினேழு வருஷமாக டாக்ஸி ஓட்டுகிறேன். வெளிநாட்டுக்குப் போனது அந்த ஒரே தடவைதான். இனிமேல் தங்கத்தாலேயே ரோடு போட்டிருக்கிறார்கள் என்றாலும் போகமாட்டேன்.

என் மனைவியின் தம்பி அங்கே வேலையில் இருந்தான். அவன்தான் டிக்கெட் அனுப்பினான். "அத்தான், எனக்கு அன்னிக்கு லீவு கிடைக்காது. ஏர்போர்ட்ல ஒரு டாக்ஸி பிடிச்சு வீட்டுக்குப் போயிடுங்க, சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கும்" என்று சொல்லியிருந்தான். ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு இரண்டு மணி நேரத்துப் பயணம்.

நாங்கள் நாலு பேர். நான், மனைவி, ஆறு வயது மகள், பத்து மாதப் பையன். பையனுக்குக் குண்டு என்று பெயர். மகளை நாங்கள் ரேடியோ என்று கூப்பிடுவோம். கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை பேசிக்கொண்டே இருப்பாள், அணைக்க முடியாது.

எனக்கு ஒரு தொழில் பழக்கம் உண்டு. வண்டியிலிருந்து இறங்கினால் எண்ணுவேன். பெட்டி நாலு, தலை மூணு. தலையை எண்ணும்போது ஒவ்வொரு தலையையும் தொட்டுத்தான் எண்ணுவேன். "என்னையும் ஏன் பெட்டி மாதிரி தட்டுறீங்க" என்று மனைவிக்குக் கோபம் வரும். ஆனால் நான் எண்ணினால் எதுவும் விட்டுப்போனதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

விமான நிலையத்தின் வாசலில் வெயில் கண்ணைக் குத்தியது. மணி காலை பத்துதான். முதல் டாக்ஸிக்காரர் குண்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டார். கைக்குழந்தைக்கு என்று தனி சீட் இருக்கிற வண்டியில்தான் ஏற வேண்டுமாம், சட்டமாம். இரண்டாவது ஆளும் அதையே சொன்னார். மூன்றாவது வண்டியில் குழந்தை சீட் இருந்தது, பெட்டிக்கு இடம் இல்லை. அரை மணி நேரம் போனது. குண்டு அழ ஆரம்பித்துவிட்டான்.

வரிசையை ஒழுங்குபடுத்துகிறவர் கடைசியில் தனியாக நின்றிருந்த வண்டியைக் காட்டினார். மூன்று வரிசை சீட்டும் ஒரு குழந்தை சீட்டும் வைத்த பெரிய வெள்ளை வண்டி. காட்டிவிட்டு அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே நின்ற மற்ற ஓட்டுநர்களும் எங்களைப் பார்க்கவில்லை. சக தொழில்காரனுக்கு சவாரி கிடைத்தால் ஒரு சிரிப்பாவது சிரிப்பார்கள். இங்கே ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அந்த ஓட்டுநருக்கு அறுபது வயது இருக்கும். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது அரைகுறையான ஒரு மூன்றாவது பாஷை. அதை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"நடு வரிசையில உட்காருங்க. பின்னாடி வரிசை வேண்டாம்" என்றார்.

"பெட்டிய பின்சீட்ல போடலாமா அண்ணே?"

"அங்க எதுவும் வைக்காதீங்க."

பெட்டிகளை டிக்கியில் திணித்தோம். நடு வரிசையில் குண்டுக்கு அவனுடைய சீட், பக்கத்தில் மனைவி, ஜன்னலோரம் மஞ்சள் கவுனில் ரேடியோ. நான் முன்னால். கடைசி வரிசையின் இடது பக்கக் கண்ணாடி நாலு விரல் அளவுக்கு இறங்கியிருந்தது.

"ஏசி ஓடுதே, அதை மூடலாமே" என்றேன்.

"அது அப்படியே இருக்கட்டும்."

சரி, வண்டி அவருடையது. வாயை மூடிக்கொண்டேன்.

வண்டி கிளம்பி ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

டிங். டிங். டிங்.

பெல்ட் போடாமல் யாராவது உட்கார்ந்தால் வருமே, அந்தச் சத்தம். அவருக்கு முன்னால் இருந்த சின்னத் திரையில் எல்லா சீட்டும் படமாகத் தெரிந்தது. கடைசி வரிசை, இடது ஓரம். அங்கே சிவப்புப் புள்ளி. நான் திரும்பிப் பார்த்தேன். சீட் காலி. சாம்பல் நிற ரெக்சின், அதில் வெயில் விழுந்து கிடந்தது.

எந்த ஓட்டுநருக்கும் தெரிந்த விஷயம் இது. சீட்டின்மேல் எடை இருந்தால்தான் அது கத்தும்.

"சென்சார் போச்சா அண்ணே?"

அவர் ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினார்.

நகரம் முடிந்ததும் இரண்டு பக்கமும் வெறும் நிலம். ஒரு மரம் இல்லை, ஒரு கடை இல்லை, நடந்து போகிற ஆள் ஒருத்தர் இல்லை. பதினேழு வருஷத்தில் அப்படி ஒரு ஆளில்லாத ரோட்டை நான் பார்த்ததில்லை. அந்த வெளிச்சத்துக்குள் எங்கள் வண்டி மட்டும் கத்திக்கொண்டே போனது. குண்டு கண் அயரும்போதெல்லாம் அந்தச் சத்தத்தில் துள்ளி விழித்தான். ஓட்டுநர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. வீட்டில் கடிகாரம் அடிக்கிற சத்தத்தைக் கேட்கிறவர் மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

ரேடியோ மட்டும் உடம்பைத் திருப்பி, பின்பக்கம் பார்த்து வழக்கம்போல் பேசிக்கொண்டே வந்தாள்.

"யார்கூடடி பேசுற?" என்று கேட்டேன்.

"பின்னாடி இருக்கிறவகூட. அவ பேசவே மாட்டேங்குறாப்பா."

"நீ விட்டாத்தானே மத்தவங்க பேசுறதுக்கு."

மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பாதி வழியில் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. ஓட்டுநர் இறங்கி உள்ளே போனார். மனைவி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கழிப்பறைக்குப் போனாள். நான் தனியாக இருந்தேன். சாவி வண்டியிலேயே இருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தமும் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பெல்ட் போடப் பிடிக்காத ஆள், காலி சீட்டிலேயே பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். சத்தம் நின்றுவிடும். நானே ஆயிரம் தடவை செய்திருக்கிறேன். ஆள் இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் வண்டிக்குத் தெரியாது, கொக்கி மாட்டினால் போதும்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். ஊதிக்கொண்டிருந்த சங்கை நான் நிறுத்திக் கெடுத்தேன்.

பின் கதவைத் திறந்து உள்ளே குனிந்தேன். அந்த மூலையில் ஏசி காற்றே எட்டவில்லை. நாளெல்லாம் வெயிலில் பூட்டிக் கிடந்த வண்டியைத் திறந்தால் மூக்கில் ஒரு வாடை அடிக்கும், ரெக்சின் வெந்த வாடை. ஓடுகிற வண்டியில் அது வரக்கூடாது. வந்தது. நான் பெல்ட்டை இழுத்துக் கொக்கியில் மாட்டினேன்.

சத்தம் நின்றது.

பெல்ட் சீட்டில் படியவில்லை.

காலி சீட்டில் மாட்டினால் பட்டை துவண்டு சீட்டோடு ஒட்டிக் கிடக்கும். இது ஒரு சாண் முன்னால் தள்ளி நின்றது. ஒரு சின்ன உடம்பின் அளவுக்கு. நான் பார்த்துக்கொண்டே இருந்தபோது அது மெல்ல முன்னால் வந்தது, மெல்லப் பின்னால் போனது.

மூச்சு விடுகிற மாதிரி.

கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தேன். ராத்திரி முழுக்க விமானத்தில் தூங்காத கண் எதையாவது காட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயந்தேன் என்பதுதான் நிஜம். யாரிடமும் சொல்லவில்லை. பதினேழு வருஷம் ஓட்டினவன் ஒரு பெல்ட்டுக்குப் பயந்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

மனைவியும் பிள்ளைகளும் ஏறினார்கள். ஓட்டுநர் வந்து உட்கார்ந்தார். வண்டி நகர்ந்தது. அவர் கை ஸ்டியரிங்கில் அப்படியே நின்றுவிட்டது.

"சத்தம் எங்க?"

"நான்தான் அண்ணே பெல்ட்ட மாட்டிவிட்டேன். குழந்தை தூங்கமாட்டேங்குறான்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியில் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"போயிட்டாளா?" என்றார் மெதுவாக.

"யாரு அண்ணே?"

அவர் பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்தினார். கடைசி வரிசைக் கண்ணாடி, அந்த நாலு விரல் இடைவெளி, மேலே ஏறி மூடிக்கொண்டது. அதற்குப்பிறகு அவர் வாய்க்குள்ளே ஏதோ பாட்டை முனகிக்கொண்டு ஓட்டினார். முதுகிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த ஆள் மாதிரி இருந்தார்.

பின்னால் எல்லோரும் அமைதி. குண்டு தூங்கிவிட்டான். மனைவியும் தூங்கிவிட்டாள். ரேடியோவும் பேசவில்லை.

மச்சினன் வீடு இருந்த கட்டடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். தெருவில் காக்கா குருவி இல்லை. கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சத்தில் பெட்டிகளை இறக்கினேன். குண்டு மனைவியின் தோளில் தூங்கினான். இன்னொரு கையில் அவள் பிள்ளையின் கையைப் பிடித்திருந்தாள். நான் எண்ணினேன். பெட்டி நாலு. தலை ஒண்ணு, ரெண்டு, மூணு.

மூன்றாவது தலை ஈரமாக இருந்தது. வெயில், பிள்ளைக்கு வேர்த்திருக்கிறது என்று கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

கணக்கு சரியாக இருந்தது. ஓட்டுநர் கையசைத்துவிட்டுப் போனார்.

வீடு நாலாவது மாடி. திரைச்சீலையெல்லாம் இழுத்து விட்டு இருட்டாக இருந்தது. ஏசி நடுக்குகிற குளிர். மனைவி குண்டைக் கட்டிலில் போட்டுவிட்டு வந்தாள். மஞ்சள் கவுன் போட்ட பிள்ளை சோபாவின் இடது ஓரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, இவ பெட்ரோல் பங்க்லேர்ந்து ஒரு வார்த்தை பேசலை" என்றாள் மனைவி. "கையப் பிடிச்சா கொதிக்குது. காய்ச்சல்னு நினைக்கிறேன்."

நான் கிட்டே போனேன். அந்த வாடை அடித்தது. பூட்டிக் கிடந்த வண்டியின் வாடை.

காலையில் விமானத்திலிருந்து இறங்கும்போது மனைவி ரேடியோவுக்கு இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். இந்தத் தலையில் பின்னல் இல்லை. முடி அவிழ்ந்து கழுத்தோடு ஒட்டிக் கிடந்தது. அந்தக் குளிரில் அதிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

"ரேடியோ" என்று கூப்பிட்டேன்.

அது திரும்பவில்லை. ஒரு சின்னக் கை தோளுக்குமேல் எழுந்து எதையோ தேடியது. பெல்ட்டைத் தேடுகிற கை. எதையோ பிடித்து, நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து, இடுப்புக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தியது. பிறகு, கிளம்பலாம் என்பதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்தது.

மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவளும் பின்னல் இல்லாத அந்தத் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குண்டைத் தூக்கிட்டு வெளியே வா" என்றேன். "எதுவும் கேக்காத."

"என் பிள்ளை எங்கங்க?" என்றாள்.

நடைவழியில் ஒரு ஜன்னல் இருந்தது. கீழே கட்டடத்துக்குப் பின்னால் பெரிய வெட்டவெளி மைதானம். அதன் நடுவில் அந்த வெள்ளை வண்டி. எல்லாக் கண்ணாடியும் ஏற்றிப் பூட்டியிருந்தது. சுற்றிலும் ஒரு ஈ எறும்பு கிடையாது.

லிப்டுக்குக் காத்திருக்கவில்லை. நாலு மாடியும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பூட்டின வண்டிக்குள் உச்சி வெயில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்து வைத்திருப்பதுதான் என் தொழில். ஓடும்போது நிமிஷத்தை எண்ணினேன். எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன்.

கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். கடைசி வரிசை, இடது ஓரம். இரட்டைப் பின்னல். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நெஞ்சுக்குக் குறுக்கே பெல்ட்.

நான் மாட்டின பெல்ட்.

கண்ணாடியை நடுவில் அடித்தால் உடையாது, மூலையில் அடிக்க வேண்டும். கல்லை எடுத்து மூலையில் அடித்தேன். மூன்றாவது அடியில் நொறுங்கிக் கொட்டியது. கொக்கி தீயாகச் சுட்டது. பிள்ளையை இழுத்து நெஞ்சில் போட்டுக்கொண்டு கட்டட நிழலுக்கு ஓடினேன். குண்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்த மனைவி, கையிலிருந்த பாட்டில் தண்ணீரை முழுக்க அவள் தலையில் ஊற்றினாள். ஒரு முனகல் வந்தது. பிறகு ஒரு அழுகை. வாழ்க்கையில் அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

தெருமுனைச் சாப்பாட்டுக் கடையிலிருந்து ஓட்டுநர் ஓடி வந்தார். உடைந்த கண்ணாடியையும் என் மகளையும் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சத்தம் வரலையே" என்றார். "சத்தம் வரலைன்னுதானே பூட்டினேன்."

பதினொரு வருஷத்துக்கு முன்னால் எங்களை மாதிரியே வெளியூரிலிருந்து ஒரு பெரிய குடும்பம் வந்ததாம். இரண்டு வண்டியில் போனார்கள். இந்த வண்டியில் வந்தவர்கள் பிள்ளை அந்த வண்டியில் என்று நினைத்தார்கள், அந்த வண்டியில் வந்தவர்கள் இந்த வண்டியில் என்று நினைத்தார்கள். அவள் கடைசி சீட்டில் தூங்கிப்போயிருந்தாள். அவர் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்.

"அன்னிக்கு ஒரு தடவை திரும்பிப் பாக்கல" என்றார். "மறுநாள்லேர்ந்து அந்தச் சத்தம். நான் நிறுத்தினதில்ல. கூப்பிட்டுக்கிட்டே இருக்கட்டும்னு விட்டுட்டேன். எனக்கும் வேற யாரும் இல்ல. இன்னிக்குத்தான் போயிட்டான்னு நினைச்சேன்."

என் மகள் கண்ணைத் திறந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"அப்பா, அவதான் இடம் பிடிச்சு வைக்கச் சொன்னா. பெட்ரோல் பங்க்ல வண்டி ஏறுறப்போ. கொஞ்ச நேரம் இறங்கிட்டு வந்துடறேன், அதுவரைக்கும் என் இடத்துல உட்காருன்னு சொன்னா. அதுக்கப்புறம் பெல்ட்டு கழலவே இல்லப்பா. நான் கூப்பிட்டது உங்க யாருக்கும் கேக்கவே இல்ல."

ஓட்டுநர் எழுந்தார். வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். எந்தச் சத்தமும் இல்லை. பின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நாலாவது மாடியைப் பார்த்தபடி அந்த வெயிலில் நின்றார்.

"என்கூட வரமாட்டா" என்றார் கடைசியில். "அவளை வண்டியில ஏத்தி, பெல்ட் மாட்டி, பத்திரமா கூட்டிட்டுப் போகணும்னு ஒருத்தரும் நினைக்கல. நீங்கதான் மாட்டிவிட்டீங்க."

கதவைச் சாத்திவிட்டு அவர் போனார். அவருடைய முதுகைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கோபப்படத்தான் நினைத்தேன், வரவில்லை.

மருத்துவமனையில் மகளைப் பார்த்த டாக்டர் "இன்னும் கால் மணி நேரம் தாமதமாகியிருந்தால்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். மச்சினன் வந்து வீட்டைத் திறந்து பார்த்தான். யாரும் இல்லை. சோபாவின் இடது ஓரம் மட்டும் நனைந்திருந்தது, தொட்டால் சூடாக இருந்தது. மூன்றாம் நாளே ஊர் திரும்பிவிட்டோம்.

என் வண்டி ரொம்பப் பழசு. கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். பெல்ட் போடாவிட்டால் கத்துகிற வசதியெல்லாம் அதில் கிடையாது.

ஊருக்கு வந்து ஒரு வாரத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து வண்டியை வாசலில் பூட்டிவிட்டு உள்ளே போனேன். அவசரமாக ஒரு சவாரி இருந்தது. முதல் உருண்டையை வாயில் வைக்கவில்லை.

டிங். டிங். டிங்.

ரேடியோ பேச்சை நிறுத்தினாள். குண்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போய்க் கதவத் திறந்து விட்டுட்டு வாங்க" என்றாள் மனைவி. "வெயில்ல எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பா."

போனேன். பின்சீட்டில் இடது ஓரத்து பெல்ட் மாட்டியிருந்தது. காலையிலிருந்து அங்கே யாரும் உட்காரவில்லை. கொக்கியைக் கழற்றினேன், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். அமுங்கிக் கிடந்த சீட் மெல்ல மேலே எழும்பியது.

"வீடு வந்தாச்சும்மா, இறங்கு" என்றேன்.

கதவைச் சாத்திவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தேன். வழக்கமாக நான் வேகமாக நடக்கிறவன். அன்று மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. என் வலது கைக்குள் இருந்த கை கொதித்தது, சின்னக் கால்களால் என் வேகத்துக்கு வர முடியவில்லை.